மேசைமேல் இருக்க வேண்டிய கை

எங்கள் அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவியைத் தொலைத்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்துவிடுவார். பிறகு, "முதல்ல இந்தப் பூட்டை மாத்துங்க, என்னாலயே இவ்வளவு சுலபமா திறக்க முடியுது" என்று சொல்லிவிட்டுத்தான் கூலி வாங்குவார்.

போன மாதம் எங்கள் தேவாலயத்தில் காணிக்கை எண்ணும் வேலைக்கு அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேரிடம் சொல்வதற்குள் அந்தப் பெருமை போய்விட்டது.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகள் பின்பக்கத்து அறைக்குப் போகும். அந்த அறைக் கதவில் பெரிய கண்ணாடி உண்டு. வெளியே நின்றால் உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். முதல் ஞாயிறு நான் மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன்.

அப்பா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். அவருடைய சாவிக்கொத்து, பேனா, சில்லறை எல்லாம் அறைக்கு வெளியே ஒரு டப்பாவில் கிடந்தன. அவருக்கு எதிரே மருந்துக்கடை அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் தெருவே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். காலமெல்லாம் மாத்திரை எண்ணிய கண் அவருக்கு.

அப்பா முழங்காலைச் சொறிய ஒரு கையைக் கீழே இறக்கினார்.

"கை" என்றார் அத்தை.

அப்பா உடனே கையை மேசைமேல் வைத்தார்.

என் வகுப்பில் கேள்விமூட்டை என்று ஒருவன் இருக்கிறான். அன்று பார்த்து அவன் என் பக்கத்தில் நின்றான். "உங்க அப்பாவை ஏன் காவல் காக்குறாங்க? பூட்டுத் திறக்கத் தெரியும், அதனாலயா?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அதற்கு மேல் பார்க்காமல் வாசலுக்கு ஓடிவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். "அத்தைக்கு உங்க மேல நம்பிக்கை இல்லையாப்பா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? எப்பவும் ரெண்டு பேர் சேந்துதான் எண்ணணும். ஒரே வீட்டு ஆளுங்களா இருக்கக் கூடாது. அது அங்க முறை."

எனக்கு அது சமாதானமாகவே இல்லை. ஒரு வாரம் யோசித்தேன். அப்பா தனியாக உட்கார்ந்து எண்ணுவதை எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அவரை நம்புகிறார்கள் என்று தெரிந்துவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, மேசைமேல் நோட்டுகள் குவிந்திருந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினேன்.

"அத்தை, உங்க கடை ஷட்டர் திறந்து கிடக்குதாம். யாரோ சொல்லிட்டுப் போனாங்க."

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைப் பார்த்து ஓடினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்து நின்றுகொண்டேன். இனி அப்பா எண்ணட்டும், ஊர் பார்க்கட்டும்.

அப்பா எண்ணவில்லை. விருட்டென்று எழுந்து கதவுக்கு வந்தார். இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்துக்கொண்டு அப்படியே நின்றார். வீட்டுப்பாடம் எழுதாததால் நிற்க வைத்த பையன் மாதிரி இருந்தது.

வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குட்டிப் பாப்பா அப்பாவுக்கு டாட்டா காட்டினாள்.

"உங்க அப்பாவுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டான் கேள்விமூட்டை. அவன் எங்கிருந்துதான் முளைப்பானோ தெரியாது.

"அப்பா, போய் எண்ணுங்கப்பா" என்று கெஞ்சினேன். "நீங்க எடுக்க மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

"இன்னிக்குத் தெரியும். நாளைக்கு ஒரு நோட்டு குறையுதுன்னு பேச்சு வந்தா? அத்தை எதிர்ல இருந்தா, இவர் கை மேசைமேலதான் இருந்துச்சுன்னு அவங்க சொல்லுவாங்க. இப்ப எனக்காக யார் சொல்லுவா?" அப்பா என் தலைக்கு மேலே தெருவைப் பார்த்தார். "பணத்தை விட்டுட்டு வெளிய வரவும் முடியல. சீக்கிரம் அத்தையைக் கூட்டிட்டு வாம்மா."

அப்பாவின் பெயரைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆளை நானே பொய் சொல்லித் துரத்தியிருக்கிறேன்.

"நான் பாத்துட்டே இருக்கேன்ப்பா, நான் சொல்லுவேன்" என்று வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரே வீட்டு ஆள் கூடாதே. நான் அவர் மகள். என் சாட்சி செல்லாது.

கேள்விமூட்டையின் தோளைப் பிடித்துக் கண்ணாடிக்கு நேரே நிறுத்தினேன்.

"எங்க அப்பா கையையே பாரு. நான் வர்ற வரைக்கும் வேற எங்கயும் பாக்காத."

"எதுக்கு?"

"அப்புறம் நூறு கேள்வி கேளு, பதில் சொல்றேன்."

நான் ஓடிப்போனபோது அத்தை தன் கடை வாசலில் மூச்சிரைக்க நின்றிருந்தார். ஷட்டர் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. "யாரும்மா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல அத்தை. நான்தான் பொய் சொன்னேன்."

ஏன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவர் செருப்பில்லாத காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை திரும்பி வேகமாக நடந்தார்.

அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார். இமைக்காமல் பார்த்ததில் கேள்விமூட்டையின் கண் சிவந்து தண்ணீர் வழிந்தது.

"கையை எடுக்கவே இல்ல அத்தை" என்றான். "மூக்கு அரிச்சப்போகூடத் தோள்லதான் தேச்சுக்கிட்டார்."

அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னைப் பார்க்காமல் கண்ணாடியில் பதிந்த கை அடையாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவ சின்னப் பொண்ணு, ஏதோ செஞ்சுட்டா. எனக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார் அத்தை. அவர் முகமும் சிறுத்துப்போயிருந்தது. "போகணும்னா ரெண்டு பேரும் வெளிய வந்து, கதவைப் பூட்டிட்டுத்தானே போயிருக்கணும்? கடைன்னதும் எல்லாம் மறந்துபோச்சு."

நடந்தது முழுவதையும் அத்தை கணக்கு நோட்டில் எழுதினார். 'பூட்டுக்காரர் மகள் சொன்ன பொய்யால்' என்று ஒரு வரி இருந்தது. சாட்சி என்ற இடத்தில் கேள்விமூட்டை நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அந்த வரி எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நோட்டில் இருக்கும்.

பிறகு எல்லா ரூபாய் நோட்டையும் ஒன்றாகக் கலந்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். நான் வெளியே நின்றேன். போகத் தோன்றவில்லை.

அத்தைக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கைக்குட்டையை எடுக்க அவர் கை மெல்ல இடுப்புக்கு இறங்கியது.

"அக்கா, கை" என்றார் அப்பா.

அத்தை சட்டென்று கையை மேலே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். போன ஞாயிறு நான் பாதி பார்த்துவிட்டு ஓடிப்போயிருக்கிறேன்.

"உங்க அப்பா ஏன் அத்தையைக் காவல் காக்குறார்?" என்றான் கேள்விமூட்டை.

"அவங்க பேரைக் காக்குறார்" என்றேன்.

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். உடனே மூக்கு அரித்தது. தோளிலேயே தேய்த்துக்கொண்டேன்.