வளையலின் உள்பக்கம்

கல்யாணமாகி வருகிறவள் பெட்டியோடு வருவாள், நீ ஆசிட் பாட்டிலோடு வந்திருக்கிறாய் என்று கணவன் கேலி செய்தான். பின்னறை ஜன்னலைத் திறந்துவைத்து, வெள்ளி நகைகளில் அமிலத்தால் பூவும் கொடியும் அரித்தெடுப்பது அவள் தொழில். அவனுக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் இறந்து இரண்டு வருஷம். மூத்தவளின் ஏழு வயது மகள் நான்கு மாதமாகியும் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மத்தியானம் அந்தக் குழந்தை தானாகவே வந்தது, ஒரு வெள்ளி வளையலோடு.

"அம்மாவோடது. இதுல மீன் போட்டுத் தர்றீங்களா, சித்தி?"

சித்தி என்ற அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வளையலை அறுத்து, சின்னக் கைக்கு அளவாகப் பற்றவைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அதன்பிறகு வெறும் விரல் படக் கூடாது. பட்டால் விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்ளும். அங்கே அமிலம் அரிக்காது, ரேகை அப்படியே எழும்பி நிற்கும்.

அமிலம் தொடக் கூடாத இடத்தில் நகப்பூச்சுப் பூசுவது வழக்கம். மீன்களை அதனால் வரைந்தாள். உள்பக்கம் முழுக்கவும் பூசியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதை மறந்தே போனாள்.

கிண்ணத்தில் அமிலம் நுரைத்தது. தொண்டையைக் கமறவைக்கும் நெடி அறையெல்லாம் பரவியது. வளையலை எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசித் துடைத்தாள். மீன்கள் அழகாக வந்திருந்தன.

உள்பக்கத்தில் ஐந்து விரல் ரேகைகள்.

கையுறையைப் புரட்டிப் பார்த்தாள். ஓர் ஓட்டைகூட இல்லை. குழந்தையின் விரலுக்கு அந்த ரேகைகள் ரொம்பப் பெரியவை. ஒன்றின் குறுக்கே வெட்டுத் தழும்பு ஓடியது.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தழும்பு ஓடிய ரேகையைத் தொட்டுக் காட்டினான்.

"மூத்தவ வெங்காயம் நறுக்கறப்ப வெட்டிக்கிட்டா. நான்தான் தையல் போடக் கூட்டிட்டுப் போனேன்." குரல் இறங்கியது. "குழந்தை கையில இதைப் போட்டுடாத."

இருவரும் திரும்பினார்கள். மேஜையில் வைத்த வளையல் குழந்தையின் கையில் இருந்தது.

கழற்றப் பார்த்தாள். சோப்பு தடவினாள், எண்ணெய் தடவினாள். அசையவில்லை.

"இழுக்காதீங்க, சித்தி," என்று குழந்தை கிசுகிசுத்தது. "நீங்க இழுத்தா அம்மாவும் இழுக்கறாங்க."

நகை அறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். வளையலை இரண்டு இடத்தில் அறுத்தாள். அது துண்டுகளாகித் தரையில் விழுந்தது. உள்பக்கம் வழவழவென்று இருந்தது.

ஒரு ரேகைகூட இல்லை.

அவை குழந்தையின் மணிக்கட்டில் இருந்தன. சிவப்பாக, ஐந்து. ஒன்றின் குறுக்கே தழும்பு.

ஆசை ஆசையாகத் தன் கையாலேயே மூத்தவளுக்கு வழி திறந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. கணவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"சித்தி, இந்தக் கையை நீங்க பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க."

இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் மறு கை, யாரும் தொடாமலே, வாசல் பக்கம் விறைத்து நீண்டது.

குழந்தையின் பாதங்கள் தரையில் ஒரு சாண் நகர்ந்தன.