சர்வேயர் பார்க்கும்வரை தொடக்கூடாது

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், அடி அண்ணாமலையில் ஜானி பாஷாவின் ஒர்க்‌ஷாப் கொட்டகைக்குள் நின்ற தன் அம்பாசிடரின் முன்கண்ணாடி மங்கியிருப்பதைச் சந்திரகலா பார்த்தாள். வாயால் ஊதிய கண்ணாடி போல அது வெளுத்துக் கிடந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. உள்பக்கம் படிந்திருந்தது. நாலு கதவும் பூட்டி, சாவி அவள் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. டிரைவர் சீட்டுக்கு நேரே மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு யாரோ துடைத்துவிட்ட மாதிரி வட்டமாகத் தெளிந்திருந்தது.

"பாய், வண்டியை யாராவது திறந்தீங்களா?"

"சாவி உங்ககிட்டதானே இருக்குது" என்றார் பாஷா, திரும்பிப் பார்க்காமலே. அவர் பட்டறைக்கல், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள வெக்கை ஜாஸ்திம்மா" என்றார். கொட்டகைக்குள் கிணற்றடி மாதிரிக் குளிர்ந்தது.

அந்தக் கார் அவள் புருஷன் தசரதன் ஓட்டிய டாக்சி. அவன் இறந்துபோன பிறகு அவள் அண்ணன் இருசப்பன் வந்து, "வித்துட்டு எங்க வூட்டோட வந்துடு, உனக்கு ஒரு கை சோறு இல்லாமலா போவும்" என்றார். அந்த ஒரு கை சோற்றுக்கு எத்தனை பேருக்கு வடிக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். லைசென்ஸ் எடுத்துத் தானே ஓட்ட ஆரம்பித்தாள். ஊர் கைகொட்டிச் சிரித்தது. சிரித்த வாய்களே பிறகு பிரசவ வலி கண்ட மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவள் வாசலில் வந்து நின்றன.

தை மாசம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு காளை குறுக்கே பாய, வண்டியைப் புளியமரத்தில் விட்டாள். காளையும் பிழைத்தது, அவளும் பிழைத்தாள். இடப்பக்க மட்கார்டு மட்டும் நசுங்கி, ஒரு ஹெட்லைட் போனது. அடிபட்ட வண்டியை, அதில் தொற்றியது எதுவானாலும் இறங்கிப்போகட்டும் என்று, மலையை வலமாக ஒரு சுற்று கொண்டுவந்துதான் பட்டறைக்குள் விடுவது இங்குள்ள டாக்சிக்காரர்கள் வழக்கம். கயிறு கட்டி இழுத்த லாரிக்காரன் சடையன், "வடக்கால போனா கிட்டக்கா போயிடலாம்க்கா, எதுக்கு மலையைச் சுத்தறது?" என்றான். அன்றைக்கே இன்சூரன்ஸ் சர்வேயர் வந்துவிடுவார் என்ற அவசரம் அவளுக்கு. சரி, போ என்றாள். வழியெல்லாம் மலை இடப்பக்கம் வந்தது. நெஞ்சில் ஏதோ உறுத்த, விழுங்கிக்கொண்டாள்.

சர்வேயர் அன்று வரவில்லை. ஒரு மாசம் கழித்து வந்து போட்டோ எடுத்தார். கம்பெனி சம்மதம் வரும்வரை ஓர் ஆணியைக்கூடத் தொடக்கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது என்றார். அடுத்த முறை வந்தபோது போட்டோவில் இல்லாத அடி பின்கதவில் இருந்தது. தகரம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

"உள்ள இருந்து அடிச்சாத்தான் இப்படிப் பிதுங்கும். யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?" என்று சீறிவிட்டுப் போனார். பேப்பர் வேலூர் ஆபீசுக்குத் திரும்பியது. மூன்றாவது முறை கூரையும் புடைத்திருந்தது. அதோடு ஆபீசிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. மறுநாள் காலையில் இருசப்பன் பழைய இரும்பு வியாபாரி ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டிருந்தார்.

அவள் பின்கதவின் புடைப்பில் கையை வைத்தாள். ஈரத்துணியை நாள்கணக்கில் சுருட்டிவைத்த வாடையும் வாடிய சாமந்தி வாடையும் கலந்து கதவிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. வெளியே பாஷாவின் சுத்தியல் ஓய்ந்த நேரம், அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே தகரம் 'டொக்' என்று ஒரு முறை எழும்பியது.

கையை உதறிக்கொண்டாள். பயந்தாள், நன்றாகவே பயந்தாள். அந்தப் பயத்தின் அடியிலிருந்து கோபம் பொங்கி வந்தது. இருசப்பனுக்கு விட்டுக்கொடுக்காத வண்டியை முகமில்லாத ஒன்றுக்கு விடுவதா?

"பாய், பேட்டரியை மாட்டுங்க."

"சர்வேயர் பாக்காம நகத்தினா கிளெய்ம் போச்சும்மா."

"போவட்டும். சுத்தாம கொண்டாந்தது என் தப்பு. இப்ப சுத்திட்டு வரேன்."

"தனியாவா?" பாஷா பேட்டரியைப் பார்த்துக்கொண்டே குரலைத் தணித்தார். "தனியா இருக்க மாட்டீங்கம்மா. அதான் பயமாகீது."

கதவைத் திறந்து, முன்கண்ணாடியை உள்பக்கம் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மலை அவளுக்கு வலப்பக்கம், கதவுக்கு வெளியே, வெயிலில் செம்மண் நிறத்தில் நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள். ஈசானிய லிங்கத்தைத் தாண்டும்போது சுடுகாட்டுப் புகை உள்ளே வந்தது. சீட்டு ஸ்பிரிங் முனகியது. கோயில் வீதிக்குள் நுழைந்ததும், பூக்காரிகளின் கூச்சலும் ஜட்கா வண்டிகளின் மணியுமாகச் சேர்ந்துகொள்ள, பின்னால் சத்தமே இல்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். தொலைந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரைத் தாண்டித் தென்புறமாக வளைந்து, மேற்கே மரங்கள் கூடிய ரோட்டுக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. இன்னும் கால்வாசிச் சுற்றுதான் பாக்கி.

டொக்.

பின்சீட்டில் இல்லை. அவள் பக்கத்தில்.

"யாரா இருந்தாலும் கேட்டுக்க" என்றாள். வண்டியை நிறுத்தவில்லை. "இது என் வண்டி. என்னைக் கேக்காம ஏறினவங்களை நடுரோட்ல இறக்கிவுட்டுருக்கேன். உன்னையும் இறக்குவேன். ஒரு சுத்து இல்லன்னா ஒம்பது சுத்து."

சாமந்தி வாடை. ஈரத்துணி வாடை. முன்சீட்டு இடப்பக்கமாக மெல்ல அமுங்கியது.

திரும்பவில்லை.

கண்ணாடி வெளுத்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு. ரோடு மறைந்தது. மரம் மறைந்தது. வலப்பக்கக் கதவுக் கண்ணாடியும் மங்கி, மலை மறைந்தது. துடைக்கலாமென்றால் ஸ்டியரிங்கை விட்டுக் கை வரமாட்டேன் என்றது. பிரேக்கை மிதித்தாள். மிதி அடிவரை போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது, ஒரே சீராக, நேராக. அவள் எங்கும் திருப்பவில்லை. அது நிச்சயம்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. நனைந்து ஊறிப்போன கை. அவளுக்கு நேரே, கண்ணாடியில், உள்ளங்கையை வைத்து வட்டமாகத் துடைத்துவிட்டது. அவள் பார்த்து ஓட்டட்டும் என்பதுபோல.

வட்டத்துக்குள் ரோடு தெரிந்தது. மரங்கள் தெரிந்தன. மலை தெரிந்தது.

இடப்பக்கம்.

சந்திரகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். "மறுபடியும் சுத்தறேன்" என்று சொல்லி, ஸ்டியரிங்கை ஒடித்தாள். அது திரும்பவில்லை. குனிந்து பார்த்தாள். ஸ்டியரிங்கில் அவளுடைய இரண்டு கைகளுக்கு நடுவே இன்னும் இரண்டு கைகள் இருந்தன.