திட்டத் தெரியாத இயக்குநர்

படத்தில் அந்தத் தெருச் சிறுமி சோக்னாவுக்கு ஒரே ஒரு வசனம். "அப்பா இன்னும் வரலை." அதைக்கூடச் சொல்ல முடியவில்லை. எதிர்ப் பட்டறையில் இரும்பு அறுக்கும் இயந்திரம் கத்திக்கொண்டே இருந்தது.

இயக்குநர் எலோடி ஜாலோ பாரிஸில் பிறந்தவர். நாவல்கள் எழுதிவிட்டு சினிமாவுக்கு வந்தவர். முதல் படத்தை டக்காரில், தன் அப்பா வளர்ந்த தெருவில்தான் எடுப்பேன் என்று வந்திருந்தார்.

அவர் பட்டறைக்குப் போய்க் கேட்டார். "கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா? நான் எலோடி ஜாலோ."

பட்டறைக்காரர் லத்தீர் ஃபாய் நிமிர்ந்து பார்த்தார்.

"ஜாலோவா! மாட்டை எங்க கட்டிட்டு வந்த? இந்தத் தெருவுல புல்லு இல்ல, போ போ!"

இயந்திரம் மறுபடி கத்தியது.

எலோடி முகம் வாடித் திரும்பினார். "பேரைக் கேட்டதுமே திட்டறார். வேற தெருவுக்குப் போயிடலாம். அங்கயே ஒரு பொண்ணைப் பாத்துக்கலாம்."

உதவியாளர்கள் வயரைச் சுருட்டத் தொடங்கினார்கள். சோக்னா ஓடிப்போய் எலோடியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவர் திட்டலை."

"பின்ன, கொஞ்சினாரா?"

"ஆமா! ஃபாய் குடும்பத்துக்காரங்களும் ஜாலோ குடும்பத்துக்காரங்களும் பாத்தா, மாட்டுக்காரன், கம்பஞ்சோத்துக்காரன்னு வம்பிழுத்துக்குவாங்க. சொந்தம் மாதிரி. நீங்கதான் பதிலே சொல்லாம வந்துட்டீங்க. அவருக்குத்தான் மூஞ்சி தொங்கிப்போச்சு."

"அப்பா இதைச் சொன்னதே இல்லையே."

"பாரிஸ்ல அவருக்கு ஒரு ஃபாயும் கிடைக்கலயோ என்னவோ. போய்த் திருப்பித் திட்டுங்க."

"எனக்குத் திட்ட வராதே!"

"நான் சொல்லித் தரேன்."

எலோடி சொல்லிப் பார்த்தார். சோக்னா தலையில் அடித்துக்கொண்டாள். "மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கு. சத்தமா!"

எலோடி பட்டறை வாசலில் போய் நின்றார்.

"ஏய் ஃபாய்! ஒரு அண்டா கம்பஞ்சோறு தின்னது பத்தாம இரும்பையும் கடிக்கிறியா?"

இயந்திரம் நின்றது. ஃபாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படிக் கேளு! முதல்லயே இப்படிக் கேட்டா என்னவாம்?"

அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றார். ஹாரன் அடித்த டாக்சிக்காரரையும் அதட்டி அடக்கினார்.

தெரு அமைதியானது.

"அப்பா இன்னும் வரலை" என்றாள் சோக்னா.

"பிரமாதம்!" என்று கத்தினார் ஃபாய்.

நல்லவேளை, வசனம் பதிவாகிவிட்டது. எலோடி இடுப்பில் கைவைத்துத் திரும்பினார். "நான் கட் சொல்றதுக்குள்ள உனக்கென்ன வாய்? பசிச்சா உன் இரும்பைப் போய்க் கடி!"

இதைச் சோக்னா சொல்லிக்கொடுக்கவில்லை.