மூடுபனிக்கு எங்கே கோடு?

கினு அன்று காலை மையை மிக மிக மெதுவாக அரைத்தாள்.

மைக்கட்டியைக் கல்லில் ஒரு சுற்று சுற்றுவாள். ஒரு பெருமூச்சு விடுவாள். வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பாள். அப்புறம் இன்னொரு சுற்று.

"மை ஆச்சா?" என்றார் அப்பா ரியுசுகே.

"இன்னும் இல்லப்பா."

"எவ்வளவு நேரமா அரைக்கிறே! ஒரு எறும்பு இந்நேரம் அந்தக் கட்டியை நக்கியே கரைச்சிருக்கும்."

"மெதுவா அரைச்சாத்தான் மை வழவழன்னு வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடுப்படியில் இருந்த அம்மா சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மை தயாரானதும் அப்பா என்ன செய்யப் போகிறார் என்பது கினுவுக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஆமை வேகம்.

அறை நடுவே, பாயின் மேல், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி படுத்திருந்தது. அதில் அப்பா மூன்று மாதமாக வரைந்த படம். சுமிதா ஆற்றின் படகுத்துறை, விடியற்காலை, ஒரே மூடுபனி, அதற்குள் மங்கலாக ஓர் ஓடக்காரர். வண்ணத்தின் ஈரம் காயுமுன் காய்ந்த தூரிகையால் நீவி நீவி அந்தப் பனியைக் கொண்டு வந்திருந்தார். படத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது.

அதுதான் வம்பாகிவிட்டது. முந்தைய நாள் ஓவியர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். படத்தைச் சுற்றி நின்று, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன ரியுசுகே, அடுப்புப் புகை பட்டுடுச்சா?" என்றார் ஒருவர். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சங்கத்தில் பெரியவர் ஒகாஜிமா. தூரிகை மாதிரி மீசை அவருக்கு. அவர் சிரிக்கவில்லை.

"கோடு எங்கேப்பா? நம்ம படத்துக்கு உயிரே கோடுதானே? வெளிநாட்டுக் கப்பல்ல எண்ணெய்ச் சாயம் வந்து இறங்கினதுலேர்ந்து எல்லாரும் அதையே அப்பிக்கிட்டுத் திரியறாங்க. நீயுமா? கோடு இல்லாத படம் ஜப்பான் படமே இல்ல. நாளன்னைக்குக் கண்காட்சிக்குக் கோடு போட்டுக் கொண்டா. இல்லாட்டி சுவர்ல மாட்ட மாட்டேன்."

"மூடுபனிக்கு எங்கேங்க கோடு?" என்று அப்பா மெல்லக் கேட்டார். அது அவர்கள் காதில் விழவில்லை.

அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும், "கினு, மை அரைம்மா. கோடு போட்டுடறேன்" என்றார்.

பட்டில் விழுந்த மை போகவே போகாது. பனியெல்லாம் போய்விடும்.

படத்தில் இருக்கும் அந்த விடியற்காலையில் கினுவும் அப்பாவோடு துறையில் நின்றிருந்தாள். எதிர்க்கரை தெரியவில்லை. ஓடக்காரர் கன்பேய் வாயருகே கை குவித்து, "ஹோ...ஓய்!" என்று கூப்பிட்டார். எதிரே படகு வந்தால் முட்டிக்கொள்ளும் அல்லவா? அதனால் அந்தக் கரையிலிருந்து பதில் வந்த பிறகுதான் ஓடத்தை எடுப்பார். பனிக்குள்ளிருந்து, "ஓய்!" என்று பதில் வந்தபோது அப்பா கினுவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இன்று கன்பேய் மட்டிச் சிப்பி விற்கக் கொண்டுவரும் நாள். அவர் ஒரே ஒரு தடவை படத்தைப் பார்க்கட்டும். அப்புறம் அப்பா இஷ்டம். கினுவின் திட்டம் அவ்வளவுதான்.

"மட்டீ..." என்று பின்வாசலில் குரல் கேட்டது. கினு ஓடினாள்.

"கன்பேய் மாமா, உள்ளே வாங்க! அப்பாவோட படத்தைப் பாருங்க."

"போ குட்டி! காலைப் பாரு, முழங்கால்வரை சேறு. பாயில கால் வெச்சா உங்கம்மா என்னை மட்டியோட சேர்த்து வேகவெச்சிடுவாங்க."

"வெச்சிடுவேன்தான்," என்றாள் அம்மா.

அவர் அடுப்படி மண் தரையிலேயே நின்றார். அங்கிருந்து பார்த்தால் படம் எப்படித் தெரியும்? அது படுத்துக்கொண்டல்லவா இருக்கிறது!

கினு ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏய், ஏய், பாத்து!" என்று அப்பா பதறி எழுந்தார்.

படம் நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால் கினுவின் பத்து விரல்களும் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன.

கன்பேய் மட்டிக் கூடையைக் கீழே வைத்தார். கண்ணைச் சுருக்கினார். கை தானாக வாயருகே போனது.

"ஹோ...ஓய்!"

அடுத்த வீட்டு நாய் குரைத்தது. கன்பேய் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"பழக்கதோஷம், ஐயா. இந்தப் பனியில பதில் வராம ஓடத்தை எடுக்கக் கூடாது."

"மாமா, இது எந்த நாட்டுப் படம்?" என்று பட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எந்த நாடா? என்ன கேள்வி இது! நம்ம துறைதானே?" என்றவர், மறுபடி உற்றுப் பார்த்தார். "எல்லாம் சரி, ஐயா. என் கழி எங்கே? கழி இல்லாம நான் எப்படி ஓடம் தள்ளறது?"

அப்பா நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

கினு அரைத்த மையில் தூரிகையைத் தோய்த்தார். மூச்சைப் பிடித்து ஒரே ஒரு கோடு போட்டார். ஓடக்காரரின் கையில் கழி வந்துவிட்டது. மிச்ச மையில் ஓரமாகத் தன் பெயரை எழுதினார்.

மறுநாள் கண்காட்சி மண்டபத்தில் ஒகாஜிமா படத்தருகே மூக்கைக் கொண்டுபோனார்.

"கோடு போடச் சொன்னேனே?"

"போட்டிருக்கேங்க," என்றார் அப்பா. "ஒண்ணு."

மீசை துடித்தது. சட்டத்தைப் பின்னால் நின்று தாங்கிக்கொண்டிருந்த கினு தலையை நீட்டினாள்.

"ஐயா, நீங்க ரொம்பக் கிட்ட நிக்கறீங்க. சேத்துக் காலோட வந்தவர் மாதிரி, வாசல்கிட்ட போய் நின்னு பாருங்களேன்."

"சேத்துக் காலா? எனக்கா?"

முணுமுணுத்தபடியே அவர் பின்னால் நடந்தார். வாசலில் போய்த் திரும்பினார்.

கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார்.

"இந்தத் துறையிலதான் நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடம் ஏறுவேன்," என்றார். குரல் சின்னப் பையனுடையதுபோல இருந்தது.

யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் திரும்பிப் பார்த்தார். பிறகு வாயருகே கை குவித்து, மிக மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஹோ...ஓய்."

பனிக்குப் பின்னாலிருந்து கினு பதில் கொடுத்தாள்.

"ஓய்!"