அண்ணையின் இலை

விமான நிலையத்து வாசலில், காரின் பின்பெட்டியைத் திறந்து அண்ணன் மகன் அபிஷன் எடுத்துக் கொடுத்த குளிர்க்கோட்டுக்குள் சூடு இருந்தது. ஜனவரி மாதத்து ரொறன்ரோவில், ஒரு வாரமாகத் தொடுவாரில்லாமல் அந்தப் பெட்டிக்குள் கிடந்த கோட்டு அது. ஆனாலும் யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்தது போல மணிக்கட்டு வரைக்கும் உடற்சூடு.

“அப்பான்ர கோட் மாமி. உங்களுக்கு ஓக்கேதானே?”

குணவதி தலையாட்டினாள். கழுத்துப் பட்டியில் கராம்பு மணத்தது. அவளுடைய அண்ணன் இரத்தினவேல் பல்வலிக்காரன். எந்நேரமும் கராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு திரிவான். இடக்கைக்காரனும்கூட. அம்மா அகப்பைக் காம்பால் அடித்தும் சோற்றை இடக் கையால்தான் பிசைவான்.

முப்பது வருடமாக “அடுத்த வருசம் உன்னைக் கூப்பிடுறன்” என்று ரெலிபோனில் சொல்லிக்கொண்டே இருந்தவன். அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. அம்மாவின் மலசலம் அள்ளி, கடைசியில் கொள்ளி வைக்க அயலவனைக் கெஞ்சி, கல்யாண வயதையும் அதிலேயே கரைத்தவள் இவள். அவன் செத்த பிறகுதான் விசா கிடைத்தது, அதுவும் எரித்து முடிந்த பிறகு. அவன் படத்துக்கு முன்னால் நின்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, கோண்டாவிலில் இருக்கும் தன் தையல் கடைக்குத் திரும்பிப்போக வேண்டும். தனக்கென்று அவள் சம்பாதித்தது அந்தக் கடை ஒன்றைத்தான்.

வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் மச்சாள் துர்க்கா கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை நின்ற பிறகும் விடவில்லை. கோட்டின் கழுத்தை மோந்துகொண்டே நின்றாள்.

அன்றைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, பேஸ்மென்றில் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்தியிருந்தார்கள். அவன் வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் இருக்கிறவர்களுக்குச் சோறு.

“பொழுதுபடத்தான் திறப்பம். அதுமட்டும் ஒருத்தரும் கீழ போகக் கூடாது,” என்றாள் துர்க்கா. “பிளேனில சாப்பிட்டிருப்பீர்தானே?”

சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திராமல் மச்சாள் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

சோபாவில் சொந்தக்காரர் நிறைந்திருந்தார்கள். “ஊர் இப்ப நல்லாத்தானே இருக்கு? நாங்கள்தான் இஞ்ச குளிருக்க கிடந்து சாகிறம்,” என்றார் ஹீற்றரில் காலைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த ஒரு அங்கிள். எல்லோருக்கும் அவள் ‘ரத்தினத்தின்ர தங்கச்சி’. ஒருவரும் பெயரைக் கேட்கவில்லை.

பின்னேரம் மருந்து போடுகிற நேரம் வந்தது. சீனி வருத்தக் குளிசை பெட்டிக்குள், வந்ததும் அபிஷன் பக்கக் கதவால் பேஸ்மென்றுக்குள் வைத்துவிட்ட பெட்டிக்குள். ஒருவருக்கும் சொல்லாமல் பக்கக் கதவால் இறங்கினாள். கீழே சூட்டு இயந்திரம் இரைந்து இரைந்து ஓய்ந்துகொண்டிருந்தது. ஈரக் கம்பளத்தின் புழுங்கலும் சாம்பிராணியும் பொரித்த மீனும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்க, படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு அவளுடைய நிழலைச் சுவரில் அகலமாக, தோள் பெருத்த ஓர் ஆம்பிளையின் நிழலாக நிறுத்தியது. மேசையில் இலை. நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு கிளாஸ் விஸ்கி. எதிரே அவனுடைய கதிரை.

குளிசையை எடுக்க வந்தவள் இலையையே பார்த்தாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவளுக்கு முதலில் பறந்தது பயம்.

“உனக்கு ஏன் சோறு? நீ எனக்கு என்னத்தைப் போட்டனீ?”

நின்றபடியே சாப்பிட்டாள். ஆத்திரமும் அழுகையுமாக, நண்டோட்டைக் கடித்துத் துப்பி, இலையை வழித்துச் சாப்பிட்டாள். முடிந்தபோதுதான் கையைப் பார்த்தாள்.

இடது கை.

எதிரே கதிரையின் மெத்தை அமிழ்ந்திருந்தது. யாரோ இருந்து காத்திருந்தது போல. அது மெல்ல மேலே எழும்பியது.

முதுகில் சூடு. கோட்டு. கழற்ற மறந்திருந்தாள்.

வெளியே ஓடினாள். மங்கல் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு றினிடாட்காரி சீமோன் பனி வழித்துக்கொண்டிருந்தாள். “ஹலோ மிஸ்டர் வேல்!” என்று கையசைத்தாள். குணவதி திரும்பி முகத்தைக் காட்டினாள். அதற்குப் பிறகும் சீமோனின் கை நிற்கவில்லை. சிரித்தபடி இங்கிலீசில் ஏதோ கேட்டாள், நீளமாக. தாங்க்யூவுக்கு மேல் இங்கிலீஸ் தெரியாத குணவதி பதில் சொன்னாள். தட்டுத் தடங்கல் இல்லாமல்.

என்ன சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

உள்ளே வந்தபோது, சோற்றுக்கும் காத்திராமல் சொந்தக்காரரெல்லாம் போயிருந்தார்கள். கீழேயிருந்து துர்க்காவின் குரல் கூவியது. “சாப்பிட்டிட்டார்! அபிஷன், அப்பா சாப்பிட்டிட்டார்!”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குணவதி படியிறங்கினாள். “மச்சாள்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“துர்க்கா. நான்தான் சாப்பிட்டனான்.”

தடித்த குரல். நாக்கில் கராம்பு.

துர்க்கா கிட்ட வந்தாள். உதட்டை மோந்தாள். கண் நிறைந்தது.

“எனக்குத் தெரியும். இஞ்சேருங்கோ, வந்து இருங்கோ.”

என்ர பேர் குணவதி. கோண்டாவில். தையல் கடை. எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. கால்கள் நடந்தன. கதிரையில் இருந்தாள்.

அபிஷன் அவளுடைய பெட்டியை அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டினான். அழுதபடி அவள் தோளைத் தொட்டான். “ஐ மிஸ்ட் யூ, அப்பா. இனி எங்கயும் போக வேண்டாம்.”

முப்பது வருடம் கூப்பிடாத வீடு.

புது இலை வந்தது. சோறு. நண்டு.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோ. நாங்கள் வெளியில இருக்கிறம்.”

கதவைச் சாத்தினார்கள். பூட்டில் திறப்புத் திரும்பியது. கதவுக்குக் கீழே இரண்டு சோடிக் கால்களின் நிழல், அசையாமல்.

இடது கை சோற்றைப் பிசைந்தது. வலது கை மட்டும் இன்னும் அவளுடையது. அது மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

இடது கை பிசைவதை நிறுத்தியது. கறி வழிய வழிய, அவசரமில்லாமல் வந்து, வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியது.