குச்சிக்குள் ஒரு சாட்சி

போன் அடித்தது.

காலை ஏழேகால். ஸ்டேஷனில் டீயை வாய்க்குக் கொண்டுபோன சப்-இன்ஸ்பெக்டர் துர்காதேவி, டம்ளரை வைத்துவிட்டு எடுத்தாள்.

"மேடம்... பாலவனத்தத்துலருந்து பேசுறேன். எம் பேரு சுமதி."

"சொல்லும்மா."

"எங்க மாமனாரக் கொன்னுட்டேன்."

இருபது நிமிஷத்தில் ஜீப் அந்த வீட்டு வாசலில் நின்றது.

மாமனார் சுந்தரபாண்டிக்கு இன்னும் மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தது. துணைக்குப் போனது பக்கத்து வீட்டு நல்லகண்ணு. 'பின்னாலயே வாரேன்' என்று சொன்ன மகன், சுமதியின் புருஷன் மருதுபாண்டி மட்டும் ஏனோ இன்னும் கிளம்பவில்லை.

சுமதி கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுமதிக்கு முப்பது வயது. அழக்கூட இல்லை.

"இவ சொல்றத நம்பாதீக மேடம்," என்றான் மருதுபாண்டி. "பயத்துல உளறுறா. அப்பா எதையோ தெரியாமக் குடிச்சிட்டாக. அம்புட்டுதான்."

"அவங்க பேசட்டும்."

சுமதி மாமனாரின் அறையைக் கைகாட்டினாள். கட்டில் பக்கத்து மேஜையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். அதில் ஆறு மெல்லிய குச்சிகள் செருகியிருந்தன. குச்சி எண்ணெயை உறிஞ்சி அறைக்கு வாசம் பரப்பும் ரீட் டிஃப்யூசர்.

"மாமா ரூம்ல எந்நேரமும் தைல வாடை மேடம். ஆன்லைன்ல நாந்தான் வாங்குனேன். வெயில் படாம, ஃபேனுக்கு நேரா இல்லாம வச்சேன். வாரத்துக்கு ஒருக்கா குச்சியத் திருப்பி வைப்பேன். ரெண்டு மாசம் வரும்னு போட்டிருந்துச்சு. ஆனா ரெண்டே நாள்ல பாதியாயிரும். மறுநா பாத்தா நெறஞ்சிருக்கும்."

"எப்படி?"

"மோந்து பாத்தேன். பிராந்தி."

துர்காதேவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஈரல் கெட்டுப்போச்சு, ஒரு சொட்டு தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருந்தாரு. எண்ணெயக் கொட்டிட்டு அதுல ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்காக. பத்து நாளாக் கஞ்சியும் கசாயமுமாத் தூக்கிட்டு அலையுறேன். எனக்கு ஆத்திரம் தாங்கல. நேத்துச் சாயங்காலம், மாத்தி ஊத்தன்னு வாங்கி வச்சிருந்த வாசனை எண்ணெயில கொஞ்சத்த அதுல ஊத்திட்டேன். ஒரு நா வயித்தால போயி அவதிப்படட்டும்னு..."

சுமதி எழுந்து நின்றாள்.

"குடிச்சா ஆபத்து, புள்ளைக கைக்கு எட்டாம வைங்கன்னு அட்டையில போட்டிருந்துச்சு. படிச்சேன் மேடம். படிச்சிட்டுத்தான் ஊத்துனேன்."

துர்காதேவி பாட்டிலின் அருகில் குனிந்தாள். எண்ணெய் கழுத்துவரை இருந்தது. பிராந்தி நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தது.

"காலைல அவரு இதுலருந்துதான் குடிச்சாரா?"

"ஆமா. டம்ளர் கீழ உருண்டு கெடந்துச்சு. நான் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட ரோட்டுக்கு ஓடுனேன்."

"குடிச்ச பாட்டிலு எப்படிம்மா நெறஞ்சிருக்கும்?"

சுமதி விழித்தாள்.

"நீ ரோட்டுல நின்னப்ப வீட்டுல யாரு இருந்தா?"

"அவுக... அவுக மட்டும்தான்."

துர்காதேவி கைக்குட்டையால் ஒரு குச்சியை உருவினாள். நுனியில் எலுமிச்சைப்புல் வாசம். நடுவில் மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"எங்கப்பா நரிக்குடிப் பக்கம் பருத்தி போட்டவரு. இந்த நாத்தம் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். இது பூச்சி மருந்து."

"மேடம், அது வந்து..."

"என் வீட்டுலயும் இந்தப் பாட்டில் இருக்கு மருதுபாண்டி. எண்ணெய மாத்துறப்ப குச்சியையும் மாத்தணும். பழைய குச்சி, முன்னாடி இருந்ததக் குடிச்சு வச்சிருக்கும். எம்புட்டுக் கழுவுனாலும் போகாது. நீங்க பாட்டிலக் கழுவிப் புது எண்ணெய் ஊத்துனீங்க. குச்சிய மறந்துட்டீங்க."

மருதுபாண்டி வாசலைப் பார்த்தான். அங்கே கான்ஸ்டபிள் மணிகண்டன் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

துர்காதேவியின் செல் அடித்தது. ஆஸ்பத்திரி. கேட்டுவிட்டு வைத்தாள்.

"டாக்டரும் பூச்சி மருந்துன்னுதான் சொல்றாரு. ஆனா பொழச்சுக்குவாராம்."

மருதுபாண்டி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"குமாரலிங்கபுரத்து நெலத்த விக்கக் கையெழுத்துக் கேட்டேன். ஒரு வருசமா. நான் செத்தப்புறம் வித்துக்கன்னாரு... அதுலருந்து குடிக்கிறாருன்னு தெரிஞ்சு, ராத்திரி நாந்தான் மருந்த ஊத்துனேன்."

சுமதி புருஷனையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மேடம் குச்சிய மோந்து பாக்கலேன்னா, பழி எம்மேலயே கெடக்கட்டும்னு விட்டிருப்பீகளா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

ஜீப்பில் அவனை ஏற்றியபின் துர்காதேவி திரும்பி வந்தாள்.

"நீ கொல்லலம்மா. மனச விடு."

"ஊத்துறப்ப எங் கை நடுங்கல மேடம். அதான் உறுத்துது. வாக்குமூலத்துல அதையும் எழுதிக்கங்க."

நாலாம் நாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுந்தரபாண்டி கண் திறந்திருந்தார். மகன் கதையை நல்லகண்ணு ஏற்கெனவே சொல்லியிருந்தார். சுமதி கால்மாட்டில் நின்றாள். மூன்று நாளாகத் தொண்டையில் கிடந்ததை இறக்கினாள்.

"மாமா, அதுல எண்ணெய ஊத்துனது நாந்தான். தெரிஞ்சேதான் ஊத்துனேன். என்னைய மன்னிக்க வேணாம். ஆனா ஒங்களுக்குத் தெரியணும்."

கிழவர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நீதானா தாயி அது... ஒரு வாயி வச்சேன். சோப்புக் கட்டியக் கடிச்ச மாதிரி. மிச்சத்தத் துப்பிட்டேன். நீ மட்டும் ஊத்தலேன்னா மடமடன்னு டம்ளர்ப் பூராவும் குடிச்சிருப்பேன். இந்நேரம் எனக்குப் பால் ஊத்திருப்பீக."

சுமதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். தப்பு தப்புதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

"அழுகாத தாயி," என்றார் சுந்தரபாண்டி, ஈனக் குரலில். "பெத்த மகன் வெசத்த ஊத்துனான். வந்த மருமக வாசத்த ஊத்துனா. நம்ம வீட்டுல எனக்குன்னு ஒழுங்காப் பிராந்தி ஊத்தத்தான் ஒரு ஆளு இல்ல."