நான்காவது தட்டு

"ஒரு தட்டு தட்டினா?" என்று அவள் கேட்டாள்.

"இன்னொரு தடவை அடிக்கணும்னு அர்த்தம்."

"ரெண்டு?"

"ரிவெட் ஆணி சரியா உட்கார்ந்திருச்சு. மூணுன்னா கெட்டுப் போச்சு, பிடுங்கணும்."

"நாலு தட்டினா?"

"நாலுக்கு ஒண்ணும் கிடையாதுடி."

"அப்போ டீ குடிக்கலாம்னு வெச்சுக்கலாம்!"

ஒன்பது வருடத்துக்கு முன், விமானம் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று அவளும் கணவனும் பேசிக்கொண்டது அது. லேத் பட்டறைக்காரனுக்குச் சொந்தமாக விமானம் கட்டும் ஆசை! தெருவே அவனை 'பைலட்' என்று கேலி செய்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வெளியிலிருந்து ரிவெட் அடிக்க, குறுகலான வால் பகுதிக்குள் அவள் ஊர்ந்து போய், ஆணியின் மறுமுனையில் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்வாள். தகட்டில் தட்டுவதுதான் இருவருக்கும் பேச்சு. "பின் சீட் உனக்குத்தான்" என்று அவன் சொன்னதை நம்பி, அதற்கான மெத்தையைத் தன் கையாலேயே தைத்து வைத்திருந்தாள்.

இன்று விமானத்தைச் சோதனைக்கு ஏற்றிப்போக லாரி வருகிறது. வாலில் எட்டே எட்டு ரிவெட் பாக்கி. காலையில் அவள் ஷெட்டுக்குள் வந்தபோது, அந்த மெத்தையில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி அப்படிப் பார்க்கறீங்க? சோதனையெல்லாம் முடிஞ்சதும் முதல்ல என்னைத்தான் கூட்டிட்டுப் போறதா அண்ணன் சொல்லிட்டான்."

நாத்தனாரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்லக் கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பேச மாட்டாங்களே மகாராணி! கடைசி நேரத்துல அம்மா தண்ணி தண்ணின்னு கூப்பிட்டது, வாசல்ல நுழையும்போதே எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து ரூம்ல இருந்தவங்களுக்குக் கேக்கலையாம்!"

அவள் முடியை இறுக்கி முடிந்துகொண்டு வாலுக்குள் நுழைந்தாள். எட்டு ரிவெட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. எல்லாம் முடிந்தபின், அந்த இருட்டிலேயே படுத்துக் கொஞ்சம் அழுதாள்.

வெளியே நடந்தது அவளுக்குத் தெரியாது.

"முடிஞ்சிடுச்சு, வா!" என்று கணவன் கூப்பிட்டான். பதிலில்லை. கத்தினான். அப்போதும் இல்லை.

"பார்த்தியாண்ணா திமிரை!" என்றாள் நாத்தனார்.

என்ன தோன்றியதோ, அவன் விரல் முட்டியால் தகட்டில் நான்கு முறை தட்டினான்.

உடனே உள்ளே அசைவு. வியர்வையும் கண்ணீருமாக அவள் தலை வெளியே வந்தது. "டீயா? இதோ போட்டுட்டு வந்துடறேங்க..."

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற நாத்தனார், "அண்ணி..." என்றாள். சற்று உரக்க, "அண்ணி!" என்றாள். அவள் திரும்பவே இல்லை.

"உனக்கு... காது கேக்கலையா?" அவன் அவள் முன்னால் வந்து நின்றான்.

"மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா... சொன்னா நீங்க இதைப் பாதியிலேயே நிறுத்திடுவீங்க."

"ரிவெட் அடிக்கற சத்தத்துக்காகக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேனே! ஏன் போட்டுக்கலை?"

"அதைப் போட்டா அத்தை கூப்பிடறது கேக்காதுங்களே! படுத்த படுக்கையா இருந்தாங்க... அவங்களுக்காகத்தான் கழட்டி வெச்சேன். கடைசியில அவங்க தண்ணி கேட்டதுதான் எனக்குக் கேக்கலை..."

நாத்தனார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். தோளில் ஈரம் பட்டதே தவிர, நாத்தனார் கேட்ட மன்னிப்பு எதுவும் அவள் காதில் விழவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கணவன் விமானத்தின் வாலில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "போன வாரம் பின்னாடி நின்னு கேட்டேனே... முதல்ல நீதானே வர்றேன்னு... நீ பாட்டுக்குப் போயிட்டே. உனக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சுட்டேனே..."

அவன் தோள் குலுங்குவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. மெல்ல நாத்தனாரை விலக்கிவிட்டு வந்தாள். கணவனின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். மூன்று வருடமாகத் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போன வார்த்தை அது.

"என்னமோ சொன்னீங்களே... என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."